எந்த ஊர்ச் சட்டை?

சென்ற மே 17ஆம் தேதி இரவு எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் நார்வேயில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா மகன். படத்தில் அவருடைய பதினைந்து வயது மகள் கடலோரத்தில் நிற்கிறாள். கணுக்கால் வரை நீலக் கம்பளிப் பாவாடை, அதில் பூவேலை. அதே நீலத்தில் கையில்லாத மேற்சட்டை, உள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்தடியில் மின்னும் வெள்ளி.

ஈப்போவில் இருக்கும் என் நாத்தனார் சும்மா இருப்பாரா? உடனே எழுதிவிட்டார்: “என்னம்மா இது, மாறுவேடப் போட்டியா? நல்ல நாளும் அதுவுமா ஒரு பட்டுப் பாவாடை கட்டக் கூடாதா?” கூடவே சிரிக்கும் பொம்மை முகங்கள் நான்கு.

அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. நான்கு நிமிடம். கோபம் தெரிந்தது, ஆனால் குரல் உயரவில்லை. “மாமி, இது வேசம் இல்லை. இது என்ர ஊர்ச் சட்டை. இதில ஒவ்வொண்டுக்கும் பேர் இருக்கு. சொல்லுறன், கேளுங்கோ.”

அந்தப் பிள்ளை சொன்ன பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டேன். அடுத்த சில நாட்கள் அவற்றைத் தேடிப் படித்தேன். ஒரு நாட்டின் உடையைப் பார்த்து ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வது எளிது. அதன் சொற்கள் தெரிந்தால்தான் அது எதற்காக அப்படி இருக்கிறது என்பது புரியும். இந்த வாரம் அந்தச் சொற்களைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் சொல்: புனாட்

அந்த உடையின் பொதுப் பெயர் ‘புனாட்’. பழைய நோர்ஸ் மொழியில் இதற்கு ஆயத்தம், உடைமை, உடுப்பு என்றெல்லாம் பொருள். சொல் பழையது. ஆனால் இன்று அது குறிக்கும் பொருள் நூற்றாண்டைச் சற்றே தாண்டியது.

நார்வே ஏறக்குறைய 400 ஆண்டுகள் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1814 மே 17இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடித் தங்களுக்கென்று ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டார்கள். அந்த நாள்தான் இன்றும் அவர்களுடைய தேசிய நாள். ஆனாலும் அதே ஆண்டு சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் இணைய வேண்டியதாயிற்று. முழு விடுதலை 1905இல்தான் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில், ‘நமக்கென்று என்ன இருக்கிறது? நம் மொழி எது? நம் உடை எது?’ என்று தேடிய தலைமுறையில் வந்தவர் ஹுல்டா கார்போர்க் (1862–1934) என்ற எழுத்தாளர்.

அவர் கிராமிய நடனங்களை மீட்டெடுத்து இளைஞர்களுக்குக் கற்பித்தவர். ஆடுவதற்கு ஏற்ற உடை வேண்டுமே! நகரத்து நாகரிகம் வந்ததும் கிராமத்துப் பெண்கள் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்ட உடைகளின் பக்கம் அவர் பார்வை போனது. 1903இல் நார்வே உடைகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘புனாட்’ என்ற சொல்லைப் பொதுவழக்குக்குக் கொண்டு வந்தது அந்த நூல்தான்.

அவருக்குப் பின் வந்த கிளாரா செம்ப் (1884–1970) இன்னும் கண்டிப்பானவர். பழைய துணி எப்படி இருந்ததோ அப்படியே நூல், நிறம், தையல் எல்லாம் இருக்க வேண்டும் என்றார். அன்று தொடங்கிய ‘எவ்வளவு அசல்?’ என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

இங்கே இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘ஃபோல்கெட்ராக்ட்’. மக்கள் உடை என்று பொருள். ஒரு வட்டாரத்தில் மக்கள் வழிவழியாக உண்மையில் உடுத்தி வந்தது ஃபோல்கெட்ராக்ட். அதை ஆதாரமாக வைத்துப் பிற்காலத்தில் விசேஷ உடையாக வகுத்துக்கொண்டது புனாட். எல்லா புனாடும் ஒரே அளவுக்குப் பழமையானது அல்ல. ஃபாகர்னெஸ் என்ற ஊரில் இருக்கும் புனாட், மக்கள் உடை நிறுவனம் அவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, வழக்கம் அறுபடாமல் வந்தவை. பிறகு, வழக்கொழிந்தாலும் மக்கள் நினைவில் நின்றவை. மூன்றாவது, எஞ்சிய பழைய துணிகளைப் பார்த்து மீட்டமைத்தவை. நான்காவது, கிடைத்த சில துண்டுகளை மட்டும் வைத்து மீதியை இட்டு நிரப்பியவை. கடைசி வகை, முழுதுமோ பாதியோ புதிதாக வடிவமைத்தவை.

எங்கள் வீட்டுப் பிள்ளை அணிந்திருந்தது நூர்லான் புனாட். வடக்கே லோஃபோட்டன் தீவுகளும் அடங்கிய மாவட்டம் அது. வெஃப்ஸ்ன் பகுதியில் கிடைத்த பழைய துணி ஒன்றின் பூக்களைப் பார்த்து 1928இல் உருவாக்கப்பட்ட உடை. நீலத்திலும் பச்சையிலும் வரும். இப்போது அதைப் புதிய உடை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

கழுத்திலிருந்து கால் வரை

இனி அந்தப் பிள்ளை சொன்ன வரிசையிலேயே வருவோம்.

ஷோர்ட்டெ: உள்ளே அணியும் வெள்ளை நீளக்கைச் சட்டை. கழுத்துப்பட்டையிலும் மணிக்கட்டிலும் பெரும்பாலும் பூவேலை இருக்கும். கழுத்தை மூடும் வெள்ளிப் பொத்தானுக்கு ‘ஹல்ஸ்க்னாப்’ என்று பெயர். ‘ஹல்ஸ்’ என்றால் கழுத்து, ‘க்னாப்’ என்றால் பொத்தான்.

லீவ்: சட்டையின் மேல் உடலோடு ஒட்டி அணியும் கையில்லாத மேற்சட்டை. இந்தச் சொல்லுக்கு இடுப்பு என்றும் பொருள் உண்டு, உயிர் என்றும் பொருள் உண்டு. சில ஊர்களில் இதன் முன்பக்கத்தில் வெள்ளி வளையங்களைத் தைத்து, சங்கிலியோ நாடாவோ கோத்து இறுக்குவார்கள். அந்த வளையங்கள் ‘மால்யெர்’.

ஸ்டாக்: பாவாடை. சில வட்டாரங்களில் மேற்சட்டையோடு சேர்த்துத் தைத்த முழு உடையையும் இந்தச் சொல் குறிக்கும். இதை வைத்தே பல உடைகளுக்குப் பெயர் அமைந்திருக்கிறது. டெலிமார்க் வட்டாரத்தின் ‘பெல்டெஸ்டாக்’ இடுப்பில் பல சுற்றுச் சுற்றும் கைத்தறிப் பட்டையால் பெயர் பெற்றது. ‘பெல்டெ’ என்றால் இடுப்புப் பட்டை. குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் கட்டம் போட்ட பாவாடைக்கு ‘ரொண்டாஸ்டாக்’ என்று பெயர்.

ஃபோர்க்லெ: பாவாடையின் மேல் முன்பக்கம் கட்டும் துணி. சமையலறை ஏப்ரனுக்கும் இதே பெயர்தான். ஆனால் விசேஷ நாளில் கட்டும் ஃபோர்க்லெயில் எண்ணெய்க் கறையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஹார்டாங்கர் வட்டாரத்துப் பெண்களின் வெள்ளை ஃபோர்க்லெயைப் பாருங்கள். துணியில் இழைகளை எண்ணி வெட்டி, இழுத்து, வெள்ளை நூலாலேயே சன்னல் போலப் பின்னியிருப்பார்கள். அந்தத் தையல் ‘ஹார்டாங்கர்சௌம்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் போயிருக்கிறது.

பிரிங்கெடூக்: ‘பிரிங்கெ’ என்றால் மார்பு, ‘டூக்’ என்றால் துணி. ஹார்டாங்கர் உடையில் லீவின் திறந்த முன்பக்கத்தில் செருகும் துணி இது. மணிகள் கோத்தோ பூவேலை செய்தோ இருக்கும்.

ரூசெசௌம்: ‘சௌம்’ என்றால் தையல் வேலை. கம்பளி நூலால் பெரிய பெரிய பூக்களைத் தைக்கும் முறை இது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைக்கும் வேலை.

லும்மெ: பை. பழைய பாவாடைகளில் பை வைத்துத் தைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே தனியாக ஒரு துணிப்பையைத் தைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வெள்ளிப் பூட்டு வாய் வைத்ததும் உண்டு. இதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். “அப்பம்மா இதைச் சுருக்குப்பை எண்டுதான் சொல்லுவா. வெத்திலை எங்கையடி எண்டு கேட்டவ.”

ஸ்கௌட்: தலையில் கட்டும் துணி. பல ஊர்களில் இது திருமணமான பெண்ணின் அடையாளம். மணமாகாத பெண்களுக்கு வேறு தலையணி, அல்லது வெறும் பின்னல். ஹார்டாங்கரில் கஞ்சி போட்டு மடிப்பெடுத்த வெள்ளை ஸ்கௌட் விறைத்து நிற்கும். மணப்பெண்ணுக்கோ வெள்ளியில் செய்த கிரீடம். நடக்கும்போது அதில் தொங்கும் சிறு தகடுகள் ஒலிக்கும்.

வெள்ளி எதற்கு?

இப்போது அந்தக் கழுத்தடி வெள்ளிக்கு வருவோம். அதன் பெயர் ‘சொல்யெ’. சட்டையின் கழுத்துப் பிளவைச் சேர்த்துக் குத்தும் அணி. பல சொல்யெக்களில் சின்னஞ்சிறு கரண்டிகள் போல வளைந்த தகடுகள் தொங்கும். அசையும்போது வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

அது வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. நார்வேயின் பழைய நம்பிக்கையில் மலைக்குள்ளும் மண்ணுக்கடியிலும் ‘ஹுல்ட்ரெ’ மக்கள் வாழ்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாத குழந்தையை அவர்கள் தூக்கிக்கொண்டு தங்கள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிடுவார்களாம். அப்படி மாற்றி வைக்கப்பட்ட குழந்தைக்கு ‘பித்திங்’ என்று பெயர். வெள்ளி இருக்கும் இடத்தில் அவர்களால் கை வைக்க முடியாது. ஆகவே குழந்தையின் துணியில் ஒரு சிறு வெள்ளி அணியைக் குத்தி வைப்பார்கள். அதைத்தான் ‘ட்ரோல்சொல்வ்’ என்கிறார்கள். பூத வெள்ளி என்று சொல்லலாம்.

ஆண்களுக்கும் உண்டு

புனாட் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்களுக்கு ‘வெஸ்ட்’ என்ற கையில்லா மேற்சட்டை, அதில் வரிசையாக வெள்ளிப் பொத்தான்கள். முழங்காலோடு முடியும் ‘க்னேபுக்செ’. ‘க்னே’ என்றால் முழங்கால், ‘புக்செ’ என்றால் கால்சட்டை. இதையே ‘நிக்கர்ஸ்’ என்றும் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அரைக்கால் சட்டையை ‘நிக்கர்’ என்று சொல்வது நினைவுக்கு வருகிறதா? இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரே சொல்தான். கீழே ‘ஸ்ட்ரொம்பெர்’ என்ற நீண்ட காலுறை. அது வழுக்கி இறங்காமல் முழங்காலுக்குக் கீழே கட்டும் நெய்த நாடா ‘ஹூசெபோன்’. நாடாவின் நுனிக் குஞ்சம் வெளியே தெரியும்.

தொப்பிக்குப் பெயர் ‘லூவெ’. அதில் கூம்பு வடிவச் சிவப்புப் பின்னல் தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்திருந்தபோது, மக்கள் எதிர்ப்பைக் காட்ட அந்தத் தொப்பியை அணியத் தொடங்கினார்கள். 1942இல் அதை அணியவே தடை வந்தது. ஒரு தொப்பிக்கு ஓர் அரசு பயந்திருக்கிறது.

இன்னொன்றையும் பலர் புனாட் என்று தவறாக நினைப்பார்கள். கறுப்புக் கம்பளியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பின்னிய குளிர்ச்சட்டை. அது செட்டெஸ்டால் வட்டாரத்தின் ‘லூசெகொஃப்டெ’. ‘லூஸ்’ என்றால் பேன்! அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் பேன்கள். அந்தப் பேன் சட்டையை வெளிநாட்டுப் பயணிகள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள்.

புனாட் என்று சொல்லக் கூடாத உடை

நார்வேயின் வடக்கில் சாமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தனி மொழிகள் உண்டு, தனி உடையும் உண்டு. பளிச்சென்ற நீலம், சிவப்பு நாடாக்கள் கொண்ட அந்த உடையின் பெயர் ‘காக்தி’. அதைப் பார்த்தே அணிந்திருப்பவர் எந்தப் பகுதிக்காரர் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பிப்ரவரி 6 அவர்களுடைய தேசிய நாள். மே 17 ஊர்வலத்திலும் காக்தி அணிந்து வருவார்கள். அதை ‘சாமி புனாட்’ என்று சொல்வது பிழை. நார்வே அரசு நீண்ட காலம் அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் ஒடுக்கி வைத்திருந்தது. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

புதுச் சொற்கள்

உடை வாழ்கிறது என்பதற்கு அடையாளம், அதைச் சுற்றிப் புதுச் சொற்கள் பிறப்பதுதான். புனாட் போட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடி மாட்டினாலோ, கடைக் கைப்பையைத் தோளில் போட்டாலோ, வேறு ஊர் சொல்யெயைக் குத்தினாலோ யாராவது ஒருவர் வந்து திருத்துவார். அப்படிப்பட்டவர்களுக்கு மக்கள் வைத்த கிண்டல் பெயர் ‘புனாட்ஸ்பொலிட்டி’, அதாவது புனாட் போலீஸ். நம் கல்யாண வீடுகளிலும் இந்தப் படை உண்டு. சீருடை மட்டும்தான் இல்லை.

2019இல் இன்னொரு சொல் பிறந்தது: ‘புனாட்ஸ்கெரில்யா’, புனாட் கெரில்லாக்கள். கிறிஸ்டியான்சுண்ட் நகர மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவை மூடும் திட்டத்தை எதிர்த்துப் பெண்கள் புனாட் அணிந்து தெருவில் இறங்கினார்கள். பிரசவ வலியோடு மலைப்பாதையில் வெகுதூரம் போக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. இயக்கம் நாடெங்கும் பரவியது. விசேஷ உடை போராட்ட உடையானது.

2024இல் யுனெஸ்கோ, புனாட் அணியும் வழக்கத்தையும் அதன் கைவினையையும் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று சுமார் 450 வகை புனாட்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். விலையோ கொஞ்சம் அல்ல. துணி, தையல், வெள்ளி எல்லாம் சேர்ந்தால் பல பத்தாயிரம் குரோனர் ஆகும். அதனால் பெரும்பாலும் பதினைந்து வயதை ஒட்டி, ‘கொன்ஃபிர்மாஸ்யூன்’ சடங்கின்போது குடும்பமே சேர்ந்து பிள்ளைக்குக் கொடுக்கும். வளரும் பிள்ளை ஆயிற்றே! மடிப்புக்குள் துணியை மிச்சம் வைத்துத் தைப்பார்கள். உடம்பு பெருக்கும்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம். பாட்டியின் புனாடைப் பேத்தி அணிவது அங்கே சாதாரணம்.

யாருக்கு உரிமை?

நாத்தனாரின் கேள்வியை இப்போது நேராகப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது எதற்கு?

நார்வேக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு 1956இல் யாழ்ப்பாணத்து அன்டனி ராஜேந்திரம் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்குகிறது. 1980களில் போரிலிருந்து தப்பி வந்த பலர் வடக்கு நார்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் கணவரின் தம்பி முறையான இவரும் லோஃபோட்டனில் மீன் வெட்டித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். மகள் அங்கேயே பிறந்தாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். பொங்கலுக்குப் பட்டுப் பாவாடையும் கட்டுகிறாள். அந்த புனாடுக்கான பணத்தில் பெரும்பங்கு அவள் அப்பம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

வெளியிலிருந்து வந்தவர்கள் புனாட் அணியலாமா என்ற பேச்சு நார்வேயிலும் உண்டு. முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வாழும் ஊரின் உடை, வாழ்பவர்களுக்கு உரியது என்பவர்களும் இருக்கிறார்கள். நான் வெளியாள். தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புனாடுக்கு ‘நார்வே உடை’ என்று பெயர் இல்லை. ஹார்டாங்கர், டெலிமார்க், செட்டெஸ்டால், நூர்லான் என்று ஊருக்கு ஊர் பெயர். அங்கே ஒருவரின் புனாடைப் பார்த்ததும் முதலில் கேட்பது, ‘எந்த ஊர் புனாட்?’ என்பதைத்தான். முன்பின் தெரியாத தமிழர் இருவர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் கேட்பதும் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதுதானே!

குரல் பதிவின் கடைசி அரை நிமிடம் இது:

“மாமி, பள்ளிக்கூடத்தில எல்லாரும் எந்த ஊர் எண்டு கேப்பினம். லோஃபோட்டன் எண்டு சொன்னா, இல்லை, உண்மையா எந்த ஊர் எண்டு திருப்பிக் கேப்பினம். இண்டைக்கு ஊர்வலத்தில ஒரு வயசான அம்மா வந்து, இது எந்த ஊர் புனாட் எண்டு கேட்டவ. நூர்லான் எண்டன். குனிஞ்சு தையலைத் திருப்பிப் பாத்திட்டு, நல்லாத் தைச்சிருக்கு எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. ரெண்டாவது கேள்வி கேக்கேல்லை.”

குழுவில் வெகு நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரி வந்தது.

“அந்த வெள்ளிக்கு என்ன பேர் சொன்னே? கிட்டத்துல ஒரு படம் எடுத்து அனுப்பும்மா.”

உங்களுக்கு நார்வேயில் நண்பரோ, உடன் வேலை செய்பவரோ இருந்தால் வரும் மே 17ஆம் தேதி ஒரு செய்தி அனுப்புங்கள். அன்று அவர்கள் சொல்லும் வாழ்த்து, ‘கிராட்டுலேரெர் மெ டாகன்’. இந்த நாளுக்கு வாழ்த்துகள் என்று பொருள். பதிலுக்குப் படம் வந்தால், ‘அழகு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர் புனாட் என்று கேளுங்கள்.